இங்கிலாந்துப் பள்ளியில் மாணவர்களின் செல்போன்: வாங்கி வைக்கலாமா?

ஏற்காடு இயற்பியல்:
வணக்கம். ஏற்காட்டில் விடுதிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுக்கிறேன். செப்டம்பரில் இங்கிலாந்து அரசுப் பள்ளி ஒன்றில் சேர்கிறேன். 8 முதல் 11 வரை வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர். இங்கே விடுதிப் பிள்ளைகள் கையில் போனே கிடையாது. அங்கே எல்லார் பையிலும் இருக்குமாம். பாடம் நடக்கும்போது எடுத்தால் நான் வாங்கி வைக்கலாமா? பெற்றோர் வந்தால்தான் தருவேன் என்று சொல்லலாமா? போன்களைப் போட்டுச் சுவரில் மாட்டி வைக்க, அம்மாபேட்டையில் ஒரு டெய்லரிடம் 30 பாக்கெட் வைத்த ரெக்சின் தொங்கல் தைத்து எடுத்துப் போகலாம் என்றும் யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை:
வாங்கி வைக்கலாம் சார். 2006ஆம் ஆண்டின் கல்வி மற்றும் ஆய்வுகள் சட்டம், 94ஆம் பிரிவு. முறைப்படி வாங்கி வைத்த பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ உங்க மேல் வழக்கு நிற்காது. "முறைப்படி" என்பதில்தான் எல்லாம் இருக்கு. பள்ளியின் நடத்தை விதியில் இருக்கணும், தண்டனை நியாயமான அளவில் இருக்கணும்.

சோதனை போடுவது வேறு விஷயம். தலைமை ஆசிரியரும் அவர் அதிகாரம் கொடுத்தவர்களும் மட்டும்தான் செய்யலாம். போன் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் பையைத் துழாவாதீங்க, சட்டைப்பையில் கை விடவே விடாதீங்க.

வாங்கிய போனுக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. ஆபாசப் படம் இருக்கு என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், உறுதி செய்யணும் என்று திறந்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. பார்க்காமல், நகல் எடுக்காமல், யாருக்கும் அனுப்பாமல், அழிக்காமல், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் நேராகப் போய்ச் சொல்லிடுங்க. அங்கே அவரை டி.எஸ்.எல். என்பார்கள்.

எப்போது திருப்பித் தருவது என்பதை நீங்க முடிவு செய்ய முடியாது, பள்ளி விதி சொல்லும். 2024 பிப்ரவரியில் அந்த நாட்டுக் கல்வித்துறை கொடுத்த வழிகாட்டுதலில் நாலு வழி இருந்தது: பள்ளிக்கே கொண்டு வரக்கூடாது; காலையில் ஒப்படைக்கணும்; லாக்கரில் பூட்டணும்; பையிலேயே இருக்கலாம், ஆனால் கண்ணிலும் காதிலும் படக்கூடாது. உங்க பள்ளி இதில் எது என்று பள்ளி இணையதளத்தில் நடத்தை விதியைத் திறந்து பார்த்தால் தெரியும். ஃப்ளைட் ஏறுவதற்குள் படிச்சிடுங்க.

கித்தான் கடை:
தொங்கல் தைப்பதாக இருந்தால் ரெக்சின் வேண்டாம். ஊசி போன துளை வரிசையிலேயே கிழியும். கெட்டிக் கித்தான் எடுங்க. 5 பத்தி, 6 வரிசை. பாக்கெட் அகலம் 10 செ.மீ., ஆழம் 13 செ.மீ. அப்போதுதான் போன் தலை 3, 4 செ.மீ. வெளியே தெரியும், எது காலி என்று ஒரே பார்வையில் பிடிக்கலாம். டெய்லர் வழக்கமாகத் தப்பு செய்யும் இடம் மடிப்பு. ஒரு வரிசைப் பட்டிக்கு 50 செ.மீ. போதும் என்று தட்டையாகத் தைத்துக் கொடுத்துவிடுவார். கவர் போட்ட போன் அதில் நுழையாது. பாக்கெட்டுக்கு 3 செ.மீ. மடிப்பு விட்டு, பட்டியை 65 செ.மீ. வெட்டச் சொல்லுங்க. போன் ஒன்று சுமார் 200 கிராம். 30 சேர்ந்தால் 6 கிலோ. ஒட்டுக் கொக்கி தாங்காது. மேலே மரச்சட்டம் கோத்து இரண்டு திருகில் மாட்டணும்.

ஐந்துரோடு டீச்சர்:
அளவு சரிங்க, ஆனால் பள்ளி கேட்காமல் அதைக் கொண்டு போய் மாட்டாதீங்க. பையில் இருக்கலாம் என்று விதி இருக்கும் இடத்தில் நீங்களாக 30 போனையும் வாங்கினால் அத்தனைக்கும் நீங்கதான் காவல். 30 பேரும் சுவர் வரை போய் வரவே பாடத்தில் பல நிமிஷம் கரையும். பழைய செத்த போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நிஜப் போனை மடியில் வைத்திருப்பவனும் இருப்பான்.

வாசலில் நின்று வேலையை முடியுங்க. உள்ளே விடும்போதே "ஆஃப் செஞ்சு பையில்" என்று ஒவ்வொரு நாளும் அதே வார்த்தையில் சொல்லணும். சைலன்ட் போதாது, மேஜை மேல் அதிரும்.

நடுவில் ஒருத்தன் எடுத்தால் வகுப்பைத் தாண்டிக் குரல் கொடுக்காதீங்க. நடந்து பக்கத்தில் போய், மெதுவாக, "ஃபோன் இன் யுவர் பேக், தேங்க்யூ." கேள்வியாகக் கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வாதம் வரும். சொன்னதும் திரும்பி அடுத்த மேஜைக்குப் போயிடுங்க. முறைத்துக்கொண்டே நின்றால், நண்பர்கள் முன்னால் 15 வயசுப் பையன் இறங்கி வரமாட்டான். பத்து விநாடி விட்டால் பெரும்பாலும் உள்ளே போயிடும்.

மறுபடி எடுத்தால் விதிப்படி வாங்குங்க. மேஜை மேல் அவனே வைக்கட்டும், கையிலிருந்து பிடுங்காதீங்க. உறையில் போட்டு, பெயர், நேரம், திரையில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அதையும் அவன் கண் முன்னால் எழுதி ஆபீசில் கொடுங்க. தரமாட்டேன் என்றால் இழுபறி வேண்டாம். மூத்த ஆசிரியரைக் கூப்பிடும் முறை அங்கே இருக்கும், கூப்பிட்டுவிட்டுப் பாடத்தைத் தொடருங்க.

இயற்பியல் என்பதால் ஒன்று: ஊசல் சோதனைக்கு ஸ்டாப்வாட்ச்சை லேபிலிருந்து முன்னாடியே எடுத்து வைங்க. "போனில் டைம் பார்த்துக்கோ" என்று ஒரு தடவை சொன்னால் அந்த வகுப்பில் விதி போச்சு. இங்கே நாம பண்ணுவது போல மாணவர்களோடு வாட்ஸ்அப் குரூப்பும் அங்கே வேண்டாம்.

ஏற்காடு இயற்பியல்:
ரொம்ப நன்றிங்க. தொங்கலை விட்டுடறேன். சர்க்கரை நோய் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் வேணும் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை:
அவங்ககிட்ட வாங்கவே கூடாது சார். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ப்ளூடூத் வழியாகப் போனுக்குச் சர்க்கரை அளவை அனுப்புது. சில சென்சாருக்கு 6 மீட்டர்தான் எட்டும், நடுவில் சுவர் வந்தால் அதுவும் குறையும். அலமாரியில் பூட்டினால் சர்க்கரை இறங்கும்போது அடிக்கும் அலாரம் யார் காதிலும் விழாது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி உடல்நலத் திட்டம் எழுதி வைத்திருப்பாங்க. முதல் வகுப்புக்கு முன்னாடியே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்க, எல்லார் முன்னாலும் "உனக்கு மட்டும் ஏன் போன்?" என்று கேட்கும்படி ஆகிடக்கூடாது. சர்க்கரை இறங்கியதாக அலாரம் அடித்தால் இனிப்போ ஜூஸோ உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட விடுங்க. நர்ஸ் அறைக்குத் தனியாக நடக்க விடாதீங்க.