க்ளோண்டைக்: இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி வைப்பது?

வணக்கம் நண்பர்களே. பள்ளிப் பிள்ளைகளுக்காக, கனடாவின் யூக்கானில் நடந்த தங்க வேட்டை பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1896 ஆகஸ்டில் ராபிட் ஓடையில் தங்கம் கிடைத்ததும் ஊர் உலகமே அங்கே கிளம்பியது. ஓடைக்கு பொனான்சா என்று புதுப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

நான் சிக்கி நிற்பது அந்தப் பகுதியில் ஓடும் க்ளோண்டைக் ஆற்றின் பெயரில். அங்குள்ள ஹான் பழங்குடியினர் அந்த ஆற்றை ட்ரோண்டெக் என்பார்கள். சுத்தியல் கல் ஆறு என்பதுபோல் பொருள். சால்மன் மீனை மறித்துப் பிடிக்க ஆற்றின் குறுக்கே முளைக்குச்சிகளைக் கல்லால் அடித்து இறக்குவார்களாம், அந்தக் கல்தான் பெயரில் இருக்கிறது. வந்தவர்கள் வாயில் அது நுழையாமல் க்ளோண்டைக் ஆகிவிட்டது. மீன் பிடித்த ஆறு தங்கத்தின் பெயராகிப்போனது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது.

இப்போது அள்ள அள்ளக் குறையாத இடத்தையும் க்ளோண்டைக் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் நாம் ஆடும் சாலிட்டர் சீட்டாட்டத்துக்கும் அதே பெயர்தான்.

"அந்தப் பழைய புத்தகக் கடை ஒரு க்ளோண்டைக்" என்ற வரிக்கு என்ன போடலாம்? புதையல் என்றால் ஜனம் முண்டியடித்து ஓடிய வேகம் வரவில்லை. அட்சய பாத்திரத்தில் பக்தி வாசம் அடிக்கிறது. தங்கச் சுரங்கம் பரவாயில்லை, ஆனால் ஆறு காணாமல் போகிறது.

கனடாவில் இருப்பவர்கள் யாராவது ட்ரோண்டெக் என்பதை ஹான் மக்கள் சொல்லக் கேட்டிருந்தால், உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். அவர்கள் வைத்த பெயரையாவது பிழையில்லாமல் அச்சிட வேண்டும்.