80 மெகாஹெர்ட்ஸில் தடுமாறிய 16 கம்பிகள்: பேரலலா, சீரியலா?

டேட்டா வேகமாகப் போக வேண்டும் என்றால் பேரலலா (பல கம்பிகளில் ஒரே நேரத்தில்) சீரியலா (பிட் பிட்டாக ஒன்றன்பின் ஒன்றாக) என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு போர்டு ஞாபகம் வரும். அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் 16 பிட் ஏடிசி ஒரு போர்டில், அதை வாங்கும் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) இன்னொன்றில். நடுவில் ஒரு சாண் ஃபிளாட் கேபிள்: 16 டேட்டா, ஒரு கிளாக், இரண்டே இரண்டு கிரவுண்ட். 10 மெகாஹெர்ட்ஸில் சுத்தமாக ஓடியது. 80-க்கு ஏற்றியதும் அலைவடிவத்தின் நடுவில் மட்டும் முள் முள்ளாகக் கிளம்பியது.

பிட்டுகள் ஒரே நேரத்தில் வந்து சேராத ஸ்கியூ என்றுதான் முதலில் நினைத்தேன். டிரேஸ்களை (போர்டின் செம்புத் தடங்களை) அளந்தால் நீள வித்தியாசம் அதிகபட்சம் 3 செ.மீ. போர்டில் சிக்னல் ஒரு நானோ நொடியில் சுமார் 15 செ.மீ. ஓடும். ஆக, 0.2 நானோ நொடிதான் பிசகு. கிளாக் சுற்றோ 12.5 நானோ நொடி. கணக்கு உதைத்தது.

அப்புறம் தவறிய எண்களை எழுதிப் பார்த்தேன். எல்லாமே 32767-க்கும் 32768-க்கும் இடையில். அந்த ஒரு படியில் 16 பிட்டும் ஒரே நேரத்தில் புரள்கின்றன, 15 ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். அத்தனை மின்னோட்டமும் இரண்டு கம்பி வழியே திரும்ப வேண்டியிருக்கிறது, கிரவுண்டே ஆடிவிடுகிறது. ஒவ்வொரு சிக்னலுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி வைத்தேன், நின்றது. பழைய ஹார்டு டிஸ்க்குகளின் பேரலல் ஐடிஇ கேபிளில் 40 கம்பி 80 ஆனதும் இதற்குத்தான். கூடுதலாக வந்த 40-உம் கிரவுண்ட். அப்படியும் அது நொடிக்கு 133 மெகாபைட்டோடு நின்றுபோனது. அதன் இடத்துக்கு வந்த சீரியல் சாட்டா வெறும் 7 இணைப்பில் 150-இல் தொடங்கியது.

அடுத்த போர்டில், ஒவ்வொரு சிக்னலும் ஒரு கம்பி ஜோடியில் போகும் சீரியல் எல்விடிஎஸ்-க்கு மாறிவிட்டேன். ஜோடியில் ஒரு கம்பி ஏறும்போது மற்றது இறங்குவதால் கிரவுண்டுக்கு அந்த உலுக்கலே இல்லை.

*

நல்ல வேட்டை, நண்பரே. ஆனால் சீரியல் என்னையும் வாட்டியிருக்கிறது. இணைப்பு எழும், சில நிமிடத்தில் விழும். பேரலலில் புரோபை வைத்தால் எந்த பிட் கெட்டது என்று கண்ணால் பார்க்கலாம். இங்கே ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட் குறியீடாக (8பி/10பி) மாறி ஒரே ஓட்டமாகப் போவதில் எதைப் பார்ப்பது? பிட்டுகளின் அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும் ஐ டயகிராம் எடுத்தபோது, நடுவில் திறந்திருக்க வேண்டிய கண் பாதி மூடிக் கிடந்தது. எஃப்பிஜிஏ உள்ளேயே உண்டாக்கிய கிளாக்கை டிரான்சீவருக்கு (சீரியல் சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதிக்கு) ரெஃபரன்ஸாகக் கொடுத்திருந்தேன், அந்த கிளாக்கின் ஜிட்டர், அதாவது நேர நடுக்கம்தான் காரணம். தனி ஆசிலேட்டர் போட்டதும் சரியானது. சீரியலில் கம்பி குறைகிறது, ஆனால் கிளாக்கின் சுத்தத்தில் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது.

*

நான் கணினியின் டிடிஆர் மெமரி பக்கம் வேலை செய்பவன். எங்களுக்கு இன்றும் 64 டேட்டா கம்பிதான். தூரம் சில சென்டிமீட்டர், ஒவ்வொரு 8 பிட்டுக்கும் தனி ஸ்ட்ரோப் (டேட்டாவை எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல்), அதனால் 64-ஐயும் ஒன்றாக நேர்படுத்த வேண்டியதில்லை. சீரியலாக்கிப் பிரிக்கும் தாமதத்தை மெமரி தாங்காது. கேபிள் என்று வந்தால் நானும் சீரியல்தான்.