கேஸ் அடுப்பும் குழந்தை எடையும்: அந்த 4 கிராமை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

வாடாமல்லி:
நேற்று கேஸ் விலை இழையில் எண்சாண் எழுதியது இது: "அடுப்புப் புகை குறைந்தால் குழந்தை எடை கூடும் என்பதைத் தரவு அறிவியல் நிரூபித்து முடித்தாயிற்று. இனி நர்சுகளின் அனுபவக் கதை வேண்டாம்." படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். அவர் காட்டிய ஆய்வைத் தேடிப் படித்தேன். போரூர் ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு செய்தது, 2018-ல் வந்தது. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறதாம். 4 கிராம்! நான் வேலை பார்த்த இடத்துத் தராசில் 100 கிராமுக்கு ஒரு கோடு. குழந்தை காலை உதறினாலே முள் அதைத் தாண்டி ஆடும். இதுவா நிரூபணம்?

எண்சாண்:
அக்கா, ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் 4 கிராம். அந்தப் பாதியை விட்டுவிட்டுக் கூச்சல் போட்டால் எப்படி? விறகு எரியும் சமையலறையில் அளவு நூறைத் தாண்டும். பெருக்கிப் பாருங்கள். ஒரு குழந்தையின் எடையில் இது தெரியாது, ஆயிரம் குழந்தைகளில்தான் தெரியும். அதற்குத்தான் தரவு அறிவியல். ஒரு தராசை வைத்துக்கொண்டு மொத்த ஆய்வையும் எடைபோட வேண்டாம்.

வாடாமல்லி:
ஆயிரம் குழந்தைகளா? அந்த ஆயிரத்தையும் பதிவேட்டில் எழுதுவது என்னைப் போன்றவர்கள்தான் தம்பி. முள் 2.4-ல் நிற்கும். மாமியார் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். 2.5 என்று எழுதிவிட்டால் குறை எடைக் கணக்கில் வராது, மேலே இருந்து கேள்வியும் வராது. நானே அப்படி எழுதியிருக்கிறேன், மறைக்க மாட்டேன். எங்கள் பழைய பதிவேட்டைத் திறந்தால் 2.5, 3.0, 2.5 என்று வரிசையாக நிற்கும். நடுவில் 2.43 என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த எண்களை இயந்திரத்தில் கொட்டி 4 கிராமைப் பிடித்தேன் என்றால் நான் நம்ப வேண்டுமா?

எண்சாண்:
உங்கள் பதிவேட்டில்தான் ஆய்வு செய்தார்கள் என்று யார் சொன்னது? நீங்கள் தப்பாக எழுதியதற்கு ஆய்வாளர்கள் என்ன செய்வார்கள்?

செங்காந்தள்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். 'டேட்டா சயின்ஸ்' என்பதைத் 'தரவு அறிவியல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். 'தரவியல்' போதும்.

எண்சாண்:
பெயர் சூட்டு விழா வேறு இழையில் நடக்கட்டும்.

கிண்டிவாசி:
எடை போடாமலே செய்த ஆய்வும் உண்டு. ஜேனட் கரி, ரீட் வாக்கர் இருவரும் 2011-ல் எழுதியது. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் சுங்கச்சாவடிகளில் ஈசி-பாஸ், அதாவது நம் பாஸ்டேக் மாதிரி வண்டியை நிறுத்தாமலே கட்டணம் எடுக்கும் முறை வந்தது, வண்டிகள் நின்று புகை கக்குவது குறைந்தது. ஆய்வாளர்கள் செய்ததெல்லாம் பிறப்புப் பதிவுகளை எடுத்து, தாயின் வீடு சாவடிக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்ததுதான். 2 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை 2 முதல் 10 கிலோமீட்டரில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். குறைப்பிரசவம் 10.8 சதவீதமும் குறை எடைப் பிறப்பு 11.8 சதவீதமும் குறைந்திருந்தன. தராசைப் பற்றியே பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

மரக்காணத்தான்:
அமெரிக்காவில் குறையும் சார். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றிருக்கிறீர்களா? 2021 பிப்ரவரியில் பாஸ்டேக்கைக் கட்டாயமாக்கினார்கள். வரிசை போச்சா?

கிண்டிவாசி:
பண்டிகை நாளை வைத்து வருடம் முழுவதையும் கணக்குப் போடுவது உங்கள் பழக்கம். பேருந்துக் கட்டண இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

மரக்காணத்தான்:
அந்த இழையில் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாடாமல்லி:
டோல்கேட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எண்சாண் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஹேபின் என்ற சோதனை நடந்தது. இங்கே விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். குலுக்கல் மாதிரி பிரித்துப் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச சிலிண்டரும் கொடுத்தார்கள். மற்றவர்கள் விறகிலேயே சமைத்தார்கள். நுண்துகளை அளக்கும் கருவியைப் பெண்கள் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்த்தார்கள். முடிவு 2022-ல் வந்தது. கேஸ் வீட்டுக் குழந்தை சராசரியாக 2,921 கிராம், விறகு வீட்டுக் குழந்தை 2,898 கிராம். மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் சரிக்கட்டிய பிறகு வித்தியாசம் 19.8 கிராம், உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை மைனஸ் 2.1-லிருந்து 41.7 வரை. மைனஸ் என்று போட்டிருக்கிறது. கேஸ் கொடுத்ததால் எடை கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் இதற்கு அர்த்தம். எங்கே உங்கள் நிரூபணம்?

எண்சாண்:
நன்றி அக்கா, எனக்கான சாட்சியை நீங்களே கொண்டுவந்தீர்கள். அதே சோதனையில் நுண்துகள் விறகு வீடுகளில் 70.7, கேஸ் வீடுகளில் 24. வித்தியாசம் சுமார் 47. பத்துக்கு 4 கிராம் என்றால் 47-க்கு ஏறக்குறைய 19 கிராம். சோதனையில் வந்தது 19.8. நீங்கள் கேலி செய்த அதே 4 கிராம்தான். அந்தச் சோதனையில் டிஜிட்டல் தராசில் எடை எடுத்தார்கள், உங்கள் முள் தராசில் இல்லை.

வாடாமல்லி:
மைனஸ் 2.1-ஐ விழுங்கிவிட்டுப் பெருக்கல் போடுகிறீர்கள். புகை நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? மழைக்காலத்தில் ஈரச் சவுக்கு மிலாரை வைத்து, கண்ணில் நீர் வழிய வழிய ஊதுகுழலில் ஊதிக்கொண்டிருந்த எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை நான் வாசலுக்கு இழுத்து வந்து உட்கார வைத்திருக்கிறேன். அவளுக்கு ரத்தம் 7 கிராம்தான் இருந்தது. காலையில் நீராகாரம், மத்தியானம் மிச்சம் மீதி. அவள் குழந்தை 2 கிலோவில் பிறந்தது. அதில் புகைக்கு எவ்வளவு, பட்டினிக்கு எவ்வளவு என்று உங்கள் கணக்கு பிரித்துச் சொல்லுமா? விறகு எரிக்கிற வீடுதானே சத்துக் குறைந்த வீடும்?

எண்சாண்:
அதைப் பிரிக்கத்தான் குலுக்கல் போட்டார்கள்! இரண்டு பக்கமும் ஏழைகள்தான். நீங்களே எழுதிவிட்டு நீங்களே மறந்துவிடுகிறீர்கள்.

வாடாமல்லி:
குலுக்கல் போட்ட ஆய்வில்தான் மைனஸ் வந்தது. 4 கிராம் வந்தது குலுக்கல் இல்லாத ஆய்வில். எது எது என்று முதலில் நீங்கள் பிரியுங்கள்.

மரக்காணத்தான்:
18 மாதம் முடிந்ததும் அந்த வீடுகளில் சிலிண்டருக்கு யார் காசு கொடுத்தார்கள்? அதை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை?

கிண்டிவாசி:
டோல்கேட்டை விட்டு இறங்கிவிட்டீர்களா?

வாடாமல்லி:
மரக்காணத்தான் கேட்டது சரியான கேள்வி, ஆனால் என் கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை. 4 கிராம். எந்தத் தராசு?

எண்சாண்:
10 மைக்ரோகிராமுக்கு 4 கிராம். எழுதினால் முழுசாக எழுதுங்கள்.