வீட்டு நோயாளியை வீடியோவில் பார்த்துக்கொள்பவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

குடியாத்தம்

அம்மா ஊரில், நான் புனேயில். போன வருடம் பக்கவாதம் வந்து அம்மாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் ஓர் அக்கா வந்து குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டுச் சித்தி. நடுவில் இருக்கிற நேரத்துக்காகக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கேமராவோடு ஒரு திரை மாட்டினேன். அம்மா எதையும் அமுக்க வேண்டாம். நான் கூப்பிட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஸ்வீடனில் செய்த ஜிராஃப் என்ற ரோபோவைப் பற்றிப் படித்துவிட்டு முதலில் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். சக்கரம் வைத்த கம்பத்தின் உச்சியில் திரை. உறவினர் தொலைவிலிருந்தே வீட்டுக்குள் ஓட்டலாம். இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடனில் முதியவர்கள் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அறைக்கு அறை நிலைப்படி. முதல் படியிலேயே குப்புற விழுந்திருக்கும்.

சரி, சுவர்த் திரைக்கு வருகிறேன். இரண்டாவது வாரம் கூப்பிட்டபோதெல்லாம் ஒரே சிவப்பு. கேமரா போச்சு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பார்த்தால் அது அப்பாவின் சிவப்புத் துண்டு! அம்மாதான் அக்காவிடம் சொல்லி மூடவைத்திருக்கிறார்.

"யார் வந்தாலும் கதவைத் தட்டிட்டு வர்றாங்க. நீ மட்டும் சுவத்துல முளைக்கிறே. நான் புடவை மாத்திட்டு இருந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போது திரைக்கு முன்னால் ஒரு துணி தொங்குகிறது, அதில் நாடா. முதலில் போனில் மூன்று முறை மணி அடிப்பேன். அம்மா வலது கையால் நாடாவை இழுத்தால்தான் எனக்கு வீடு தெரியும்.

இன்னொன்று. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து படுக்கைப்புண் ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை, புரட்டிப் படுக்கவைத்த அக்காதான் பார்த்தார். கட்டிலைப் பார்க்கிற கேமராவுக்கு முதுகு எங்கே தெரியும்?

ராணிப்பேட்டை

எங்கள் மாமனாருக்குப் புற்றுநோய் முற்றிய நிலை. வேலூருக்குக் காரில் உட்காரவைத்து அழைத்துப்போவதே அவருக்குச் சித்திரவதை. அதனால் பாதி ஆலோசனை வீடியோவில்தான். 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு டாக்டர் வீடியோவில் பார்த்தே மருந்து எழுதலாம். ஆனால் கடும் வலிக்குத் தருகிற மார்ஃபினுக்கு அது செல்லாது. போதைப்பொருள் சட்டத்தில் வருகிற மருந்தைத் தொலைவிலிருந்து எழுதித் தரக் கூடாது. இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை மாத்திரை தீர்ந்து, விடிய விடிய அவர் முனகினார். அதிலிருந்து, இன்னும் ஒரு வாரத்துக்கான மாத்திரை கையில் இருக்கும்போதே நேரில் போய்விடுவோம்.

ஆம்பூர்

ரூட்டருக்குத் தனியாகச் சின்ன யுபிஎஸ் போடுங்கள். கத்திரி வெயிலில் கரண்ட் போனால் ஃபேனோடு நீங்களும் நின்றுவிடுவீர்கள். எங்கள் ஆயாவுக்குக் காது மந்தம். திரையின் ஸ்பீக்கர் போதாமல் தலையணைப் பக்கம் தனி ஸ்பீக்கர் வைத்தோம்.

குடியாத்தம் அண்ணா, அந்த நாடாவை எப்படிக் கட்டினீர்கள்?

குடியாத்தம்

ஜன்னல் ஸ்கிரீனுக்குப் போடுகிற ஸ்பிரிங் கம்பிதான். துணி லேசாக இருக்கட்டும், ஒரு கையால் இழுக்க வேண்டுமே. நேற்று ராத்திரி போனில் மூன்று முறை மணி அடித்தேன், துணி விலகவில்லை. பதறிப்போய்ச் சித்திக்குப் போன் போட்டேன். சீரியல் முடியட்டும் என்றாராம் அம்மா.