செனின் பிளாங்க் என்ற ஒயின் திராட்சை: உங்களுக்கு முதலில் எங்கே அறிமுகமானது?

கம்பத்துக்காரன் எழுதியது:

பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் காய்ப்பு உண்டு, எந்த மாதம் தின்றாலும் நாக்கு அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் திராட்சையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலை நிமித்தம் நாசிக் வந்த பிறகு, திண்டோரி பக்கம் ஒரு செனின் பிளாங்க் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துப்போனார். ஜனவரி மூன்றாம் வாரம். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் பழம் சூடாகி மணம் போய்விடும். ஒரு பழத்தை வாயில் போட்டேன். பல் கூசியது. கொட்டையைத் துப்பிப் பார்த்தால் இன்னும் பச்சை ஓடியிருந்தது. இவ்வளவு காயாக ஏன் பறிக்கிறார்கள் என்று கேட்டேன். நுரைக்கும் ஒயினுக்கு இந்தப் புளிப்புதான் வேண்டும் என்றார் தோட்டக்காரர். வரிசையில் பாதியை மட்டும் பறித்துவிட்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் மறுபடியும் போனேன். அதே வரிசை, அதே கம்பி. பழம் மஞ்சளேறி, கொட்டை பழுப்பாகி, கடித்தால் வறுத்த கடலைபோல் நொறுங்கியது. தேனும் பழுத்த கொய்யாவும் சேர்ந்த வாசனை. “இது வேறு ரகமா?” என்று கேட்டேன். தோட்டக்காரர் பதில் சொல்லவில்லை. ஜனவரியில் கொத்து வெட்டிய இடத்தில் காய்ந்து நின்ற காம்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்தக் காய்ந்த காம்புதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

---

மேசைமலை எழுதியது:

கேப் டவுனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே இந்தத் திராட்சைக்கு நெடுங்காலம் ‘ஸ்டீன்’ என்றுதான் பெயர். பிரான்சின் செனின்தான் இது என்று ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் உறுதிசெய்ததே 1960களில்தான். இப்போது பிரான்சில் இருப்பதைவிட அதிகமான கொடிகள் இங்கே வேர்விட்டிருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வார்ட்லாண்ட் என்ற திராட்சைப் பகுதியில் பழைய தோட்டம் ஒன்றுக்குப் போனோம். கம்பி இல்லை, பந்தல் இல்லை, பாசனமும் இல்லை. முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு கொடியும் தனித்தனிப் புதராக, முறுக்கிப் பிழிந்த துணிபோல நிற்கிறது. ஒன்றின் அடிமரத்தைக் கையால் பற்றினேன். பட்டை நார்நாராகக் கையோடு வந்தது. வழிகாட்டிய பெண்மணி சற்றுக் கோபமாகவே, “1974இல் நட்டது, மெதுவாகத் தொடுங்கள்” என்றார். நான் பிறந்ததும் அதே ஆண்டு. கையை எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட கொடிகளின் பழத்தைப் பல்லாண்டுகள் பிராந்தி காய்ச்சவும் மலிவான இனிப்பு ஒயினுக்கும் கொட்டித் தீர்த்திருக்கிறார்கள். வயதான கொடி குறைவாகத்தான் காய்க்கும் என்று பிடுங்கியும் எறிந்திருக்கிறார்கள். இப்போது 35 ஆண்டுகளைத் தாண்டிய தோட்டங்களுக்குச் சான்று முத்திரை தருகிறார்கள். பாட்டில் கழுத்தில் கொடி நட்ட ஆண்டே அச்சிட்டிருக்கும். கடைக்குப் போனால் விலைக்கு முன்னால் அந்த ஆண்டைத்தான் பார்க்கிறேன்.

---

லுவார் ஓரம் எழுதியது:

முதலில் பெயர். இது பிறந்த இடத்தில் ‘ஷெனேன் பிளான்’ என்றுதான் சொல்கிறார்கள். தலைப்பைத் திருத்தினால் நல்லது. இரண்டாவது, கம்பத்துக்காரரே, முதல் பறிப்பு புளிப்பாக, அடுத்தது இனிப்பாக என்று நீங்கள் கண்டது பாதிக் கதைதான். இடையில் ஒரு பெரிய உலகம் இருக்கிறது.

பிரான்சின் லுவார் ஆற்றோரத்தில் உள்ள வூவ்ரே ஊரில் வெண்சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகைகளில்தான் ஒயினை வைத்திருக்கிறார்கள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். சுவரில் கை வைத்தால் ஈரம். அங்கே ஒரு முதியவர் லேபிள் இல்லாத பாட்டிலைத் திறந்து ஊற்றி, எத்தனை வயது, எவ்வளவு இனிப்பு என்று கேட்டார். மழையில் நனைந்த கம்பளி வாசனை, அதன் பின்னால் தேன்மெழுகு, வேகவைத்த ஆப்பிள். நாக்கிலோ எலுமிச்சைபோல் சுத்தமான புளிப்பு. “ஆறு ஆண்டு, இனிப்பே இல்லை” என்றேன், நிச்சயமாக.

அவர் சுண்ணக்கட்டியால் பீப்பாய் மூடியில் எழுதினார்: 1989. அதன் கீழே, ‘தெமி-செக்’. அரை இனிப்பு வகை! சர்க்கரை முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது. புளிப்பு அதைத் தாங்கிப் பிடித்திருந்ததால் என் நாக்குக்கு எட்டவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் புளிப்பு தளரவில்லை. அன்று முதல் எந்த ஒயினையும் ‘இனிப்பில்லை’ என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

---

அடுப்படி எழுதியது:

என் அனுபவம் சின்னது. பெங்களூரில் வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செனின் ஒயினை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஊற்றினேன். எல்லோரும் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துவிட்டுப் போனார்கள். மீந்ததை ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தபோதுதான் வாசனையே எழுந்தது. அந்த மாலையை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

ஆகவே தயவுசெய்து ஃப்ரீஸரில் வைக்காதீர்கள். சாதாரண வெள்ளை ஒயின் என்றால் 8 முதல் 10 டிகிரி போதும். பழைய கொடியிலிருந்து வந்து மரப்பீப்பாயில் இருந்தது என்றால் இன்னும் இரண்டு டிகிரி கூடலாம். நம் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவராது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புளி ஊற்றிய குழம்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். இதில் அந்தக் குறை இல்லை. மாங்காய் போட்ட மீன் குழம்போடு லேசான இனிப்புள்ளதை வைத்துப் பாருங்கள், அந்தத் துளி இனிப்பு மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். ஆல்கஹால் கூடினால் எரிச்சலும் கூடும் என்பதால் பாட்டிலில் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். நெத்திலி வறுவலுக்கு நுரைக்கும் வகை. செட்டிநாட்டுக் கோழிக்குப் பீப்பாயில் இருந்த வகை. பிரெஞ்சு பாட்டில் என்றால் ‘செக்’ இனிப்பில்லாதது, ‘தெமி-செக்’ பாதி, ‘முவாலே’ நல்ல இனிப்பு. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்க வேண்டாம், உள்ளே வையுங்கள், மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

---

வடலி எழுதியது:

லுவார் ஓரம் அண்ணா, பெயரை எப்படிச் சொன்னாலும் கொடிக்குக் கேட்காது. நாசிக்கில் வாழ்கிறவர் நாசிக்கில் சொல்கிறபடி எழுதட்டும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்சுக்கு வந்த முதல் ஆண்டு, கையில் நிரந்தர வேலை இல்லை. ஆஞ்சே பக்கம், லயோன் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் அக்டோபர் அறுவடைக்குச் சேர்ந்தேன். காலையில் கண் தெரியாத பனிமூட்டம், மத்தியானம் நல்ல வெயில். ஒரு கத்தரியும் வாளியும் தந்து, நல்லதை மட்டும் வெட்டு என்றார்கள். எனக்குப் பாதி மொழிதான் புரிந்தது.

வரிசை நெடுகப் பழங்கள் சுருங்கி, ஊதா கலந்த பழுப்பில், சாம்பல் பூத்துக் கிடந்தன. அழுகல்தானே என்று அவற்றையெல்லாம் வெட்டிக் கீழே போட்டுவிட்டு, மஞ்சளாகப் பளபளத்த கொத்துகளை வாளியில் நிரப்பினேன். வேகமாக வேலை செய்கிறேன் என்று மனதுக்குள் பெருமைதான்.

மேற்பார்வை செய்த அம்மா வந்தார். தரையைப் பார்த்தார். கத்தவில்லை. குனிந்து, சாம்பல் பூத்த ஒரு பழத்தைக் கிள்ளி என் வாயருகே நீட்டினார். அருவருப்போடுதான் வாங்கினேன். தோல் நாக்கில் பட்டவுடன் கரைந்தது. பாகு. காய்ந்த ஆப்ரிகாட் பழமும் தேனும் இஞ்சியும் போன்ற ஒரு பாகு, அதன் அடியில் அந்தப் புளிப்பு.

போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம் அது. தோலில் நுண்ணிய துளைகளிட்டு நீரை வெளியேற்றி, சர்க்கரையைச் செறிவாக்கிவிடும். வெயில் இல்லாமல் மழை நீடித்தால் அதே பூஞ்சணம் தோட்டத்தையே நாசமாக்கிவிடும். அதனால்தான் ஒரே வரிசைக்கு மூன்று, நான்கு முறை திரும்பத் திரும்பப் போய், பதமாக வந்ததை மட்டும் எடுக்கிறார்கள். நான் வாளியில் நிரப்பியவை எல்லாம் இன்னும் இரண்டு கிழமை கொடியிலேயே நின்றிருக்க வேண்டியவை.

அந்த அம்மா என் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, கீழே கிடந்த கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை ஊதிவிட்டு வாளியில் போட்டார். நானும் போட்டேன். இருட்டும் வரைக்கும் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.