செங்கல்பட்டு டூ நுங்கம்பாக்கம்: வீட்டை மாற்றுவதா, வேலையை மாற்றுவதா?

லேடீஸ்_கம்பார்ட்மென்ட் எழுதியது:

வீட்டில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். அதனால் வெளியாள் நாலு பேரிடம் கேட்போம் என்று இங்கே எழுதுகிறேன்.

வயது 41. நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கையில் வருவது 42,000. வீடு செங்கல்பட்டு வேதாசலம் நகரில், மாமனார் கட்டியது, வாடகை கிடையாது. வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. காலை, மதியம், இரவு என்று ஷிஃப்ட் வாராவாரம் மாறும். மகள் ஒன்பதாவது. மாமியாருக்கு 72, நன்றாக நடமாடுகிறார்.

அலாரம் நாலரைக்கு. காலை டிபன், மதியச் சாப்பாடு, டப்பா கட்டுவது, அத்தைக்குத் தனியாக உப்பு குறைத்து ஒரு குழம்பு. ஆறே முக்காலுக்கு ரயில். ஸ்டாண்டில் ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். செங்கல்பட்டிலேயே புறப்படும் வண்டி என்பதால் காலையில் உட்கார்ந்து போகலாம், அதில் குறையில்லை. ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் தூக்கம்தான்.

சாயங்காலம்தான் பிரச்சினை. நுங்கம்பாக்கத்தில் ஏறினால் தாம்பரம் வரை நிற்க வேண்டும், சில நாள் கூடுவாஞ்சேரி வரை. அதனால் எதிர்ப்பக்க வண்டியில் ஏறி பீச் ஸ்டேஷன் போய், அங்கே காலியாக நிற்கும் செங்கல்பட்டு வண்டியில் இடம் பிடித்து வருகிறேன். அதற்காகவே சீசன் டிக்கெட்டை பீச் வரை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் இப்படித்தான். மாம்பலத்தில் வாங்கிய கீரையை ஒருத்தி ஆய்ந்துகொண்டிருப்பாள், ஒருத்தி அவரைக்காயை நார் எடுத்துக் கவரில் போடுவாள். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் மறுநாள் சமையலில் பாதி முடிந்துவிடும். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வீட்டுக்குள் கால் வைக்கும்போது மணி எட்டரை, ஒன்பது. படுக்கப் பதினொன்று.

சமீபத்தில் பி.பி. ஏறி மாத்திரை ஆரம்பித்தாயிற்று. எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஐந்தரை மணி நேரம் என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது மூன்று வழி தெரிகிறது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இரண்டு பெட்ரூம் வாடகைக்கு எடுப்பது. கேட்ட இடத்தில் 18,000-க்குக் குறைந்து இல்லை. அல்லது இந்த வேலையை விட்டு மறைமலை நகரிலோ பரனூர் மகிந்திரா சிட்டியிலோ சேர்வது. விசாரித்ததில் 28,000 தருகிறார்கள். அல்லது ஓடுகிறவரை இப்படியே ஓடுவது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

ராதா_நகர்_வாசி:

குரோம்பேட்டைக்காரன் என்பதால் செலவு பற்றி மட்டும் சொல்கிறேன் மேடம். 18,000 என்பது வாடகை மட்டும். அதோடு மெயின்டெனன்ஸ், தண்ணீர் கேன், கோடையில் லாரித் தண்ணீரில் உங்கள் பங்கு. கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வைத்ததுதான் சட்டம்.

அட்வான்ஸ் விஷயம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் போட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று சந்தும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஐந்து, ஆறு மாதம் கேட்பது இன்றும் சகஜம். புரோக்கருக்கு ஒரு மாதம் தனி. ஆக, உள்ளே நுழையவே ஒன்றேகால் லட்சம் எடுத்து வையுங்கள்.

வருமான வரி உங்களுக்கே தெரியும். பழைய முறையில் இருந்தால் வாடகைப் படிக்குக் கழிவு கிடைக்கும், புதிய முறையில் கிடையாது. செங்கல்பட்டு வீட்டை வாடகைக்கு விட்டால் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆனால் அத்தை அதற்குச் சம்மதிப்பார்களா?

---

பழைய_அரக்கோணம்:

ரிட்டயர் ஆகும் வரை அரக்கோணத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் வந்தவன். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயில் சிநேகிதம் மாதிரி வராதும்மா. இப்போதுதான் ஏசி லோக்கலும் விட்டிருக்கிறார்களே, அதில் போகலாமே?

---

சிங்கப்பெருமாள்_கோவில்_செல்வி:

சார், ஏசி வண்டிக் கட்டணம் சாதாரண வண்டியைப் போலப் பல மடங்கு. 42,000 சம்பளத்தில் தினம் அதில் போக முடியாது. இன்னொன்று, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் வீட்டில் காலை நாலரைக்கு எழுந்தது யார் என்றும் சொல்லுங்கள்.

அக்கா, மகள் ஒன்பதாவது என்கிறீர்கள். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. பத்தாவதில் புதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள நல்ல பள்ளிக்கூடங்கள் யோசிக்கும். சேர்த்தாலும் புது டீச்சர், புது சிநேகிதிகள். வீடு மாற்றுவதை அது முடியும் வரை நினைக்கவே வேண்டாம். எங்கள் அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வந்து மூன்றாவது மாடியில் வைத்தோம், லிஃப்ட் இல்லை. ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே அவரிடம் பேசிவிட்டுப் போகும். இங்கே சீரியலும் பால்கனியும்தான். நடமாடுகிற மனுஷி ஒரே வருஷத்தில் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிட்டார். உங்கள் அத்தைக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. தரைத்தளம் கிடைத்தால் கதை வேறு.

---

ஷிஃப்ட்_மெக்கானிக்:

எல்லோரும் ரயிலையே பார்க்கிறோம். நீங்கள் எழுதியதை இன்னொரு முறை படித்தேன். அலாரம் நாலரை, வண்டி ஆறே முக்கால். நடுவே இரண்டே கால் மணி நேரம் அடுப்படி. குரோம்பேட்டைக்குக் குடி போனாலும் அந்த இரண்டே கால் மணி நேரம் சாமானோடு சேர்ந்து வண்டியேறி வரும். காலையில் ரயிலில் நீங்கள் தூங்குகிறீர்கள், அதாவது ரயில் உங்களுக்குத் தூக்கம் கொடுக்கிறது. எடுப்பது சமையலறை.

நானும் ஷிஃப்ட்காரன்தான், ஒரகடம். மதிய ஷிஃப்ட் வாரத்தில் பகல் ஒரு மணி வரை வீட்டில்தான் இருப்பேன். அந்த வாரம் காலை டிபனும் பிள்ளை டப்பாவும் என் பொறுப்பு. காலை ஷிஃப்ட் வாரத்தில் மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவேன், ராத்திரிச் சாப்பாடு என்னுடையது. நைட் ஷிஃப்ட்டில் மட்டும் என்னை எதுவும் கேட்கக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் இதில் எதைச் செய்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. 18,000 செலவழிப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். இதற்கு அட்வான்ஸ் கிடையாது.

---

லேடீஸ்_கம்பார்ட்மென்ட்:

எல்லோருக்கும் நன்றி. ஷிஃப்ட் மெக்கானிக் தம்பி எழுதியதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அவர் ஒன்றும் செய்யாதவர் இல்லை. தண்ணீர் மோட்டார், ரேஷன், மகளின் டியூஷன், பேங்க் எல்லாம் அவர்தான். அடுப்புப் பக்கம்தான் வரமாட்டார். வந்தாலும் அத்தை "நீ ஏன்டா" என்று கரண்டியை வாங்கிவிடுவார். அங்கேதான் கதவு பூட்டியிருக்கிறது.

ஆனாலும் நேற்று ராத்திரி கேட்டுவிட்டேன். மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலை டிபன் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என்ன செய்வீர்கள் என்றதற்கு "தோசை" என்றார். மாவு யார் அரைப்பது என்று நான் கேட்கவில்லை. கடையில் பாக்கெட் விற்கிறது. அத்தையின் முகம் சரியில்லை, அது சரியாகக் கொஞ்ச நாள் ஆகும். மதியச் சாப்பாட்டுக்கு நான் ஆறு மணிக்குள் குழம்பு மட்டும் வைத்துவிட்டால் போதும். அந்த வாரங்களில் அலாரம் ஐந்தரைக்கு.

வீடு மாற்றும் யோசனையை மகளின் பத்தாவது முடியும்வரை தள்ளி வைத்தாயிற்று. செல்வி சொன்ன முழங்கால் கதை அத்தை காதிலும் விழுந்தது, நான் படித்துக் காட்டினேன். தரைத்தளம் என்றாலும் வரமாட்டேன் என்கிறார்.

அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னால் வந்து முன்னால் கிளம்ப அனுமதி கேட்கலாம் என்றும் இருக்கிறது. நாலரை வண்டி கிடைத்தால் நுங்கம்பாக்கத்திலேயே உட்கார இடம் இருக்கும், பீச் போய் வரும் அரை மணி நேரம் மிச்சம். ஆனால் டாக்ஸ் ஆடிட்டுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30, ரிட்டர்னுக்கு அக்டோபர் 31. அது முடியாமல் இந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் ஆடிட்டர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். நவம்பரில் கேட்கிறேன்.

28,000 வேலையை மட்டும் மனசு விடமாட்டேன் என்கிறது. மாதம் 14,000 குறையும், ஆனால் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். மகிந்திரா சிட்டியில் அக்கவுண்ட்ஸில் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சனிக்கிழமை லீவு உண்டா? மாதக் கடைசியில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள்?

---

பரனூர்_பக்கம்:

கம்பெனிக்குக் கம்பெனி மாறும் மேடம். சாஃப்ட்வேர்க் கம்பெனிகளில் பெரும்பாலும் சனி, ஞாயிறு லீவு. உற்பத்தி நடக்கும் இடம் என்றால் சனிக்கிழமை வேலை உண்டு, மாத முடிவில் ஸ்டாக் எடுக்கும்போது எட்டு மணியும் ஆகும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நீங்களே தனியாகப் போடுவீர்களா? அப்படியென்றால் 28,000-த்தில் நிற்காதீர்கள், 33 கேளுங்கள்.