பிறந்தநாள் சாப்பாட்டுக் காசை இரவு ஆளின்ரை சம்பளமா மாத்தலாமோ?

கச்சான்காரி (விசுவமடுப் பக்கம்):
வணக்கம். மனவிருத்தி குறைந்த வளர்ந்தவர்கள் இருக்கிற ஒரு இல்லத்தில பொறுப்பாளரா இருக்கிறன். 18 பேர். ஆகக் குறைஞ்ச வயது 22, கூடினவருக்கு ஐம்பது தாண்டியிட்டுது. சிலரின்ரை தாய் தேப்பன் 2009இல செத்துப்போட்டினம். மற்றவைக்கு இருக்கினம், ஆனா வயது போய் ஏலாது.

வெளிநாட்டுக் காசு எங்களுக்கு வராமலில்லை. வாறது முழுக்கச் சாப்பாடா வருது. பிறந்தநாள், திவசம், கலியாண நாள். ஓகஸ்டில அங்கத்தைப் பள்ளிக்கூட லீவெண்டா ஒரே நாளுக்கு ரெண்டு பகுதி புரியாணிக்குப் பதிஞ்சிருப்பினம். மாரி மாசத்தில ஆரும் இல்லை. வந்தால் கேக், பனர், படம். முன்பின் தெரியாத ஒருத்தரின்ரை படத்துக்கு முன்னால எல்லாரையும் வரிசையா நிப்பாட்ட வேணும். ஒருத்தருக்குக் கமரா கண்ணிலயும் காட்டேலாது, மேசைக்குக் கீழ பூந்திடுவார். "அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ மிஸ், ஆள் குறையுது" எண்டு கேப்பினம்.

இரவில எனக்கு இருக்கிறது ஒரேயொரு ஆள். 6 பேருக்கு வலிப்பு. அவ ஒருத்தரைக் கழுவிக்கொண்டு நிக்கேக்க அடுத்த அறையில ஒருத்தர் விழுந்தா ஆர் பாக்கிறது? இன்னொராளுக்குச் சம்பளம் கேட்டா நிர்வாகசபை கையை விரிக்குது. இப்ப கனடாவில ஒராள் 20 கட்டில் போடக்கூடிய மண்டபம் கட்டித் தாறாராம். உடன ஓமெண்டு சொல்லிப்போட்டினம்.

என்ரை எண்ணம் வேற. நாலு பேர் இருக்கினம், தாங்களே சோறு வடிப்பினம், உடுப்புத் தோய்ப்பினம். ஒருத்தர் பக்கத்து வளவில கூலிக்குக் கச்சான் உடைக்கப் போறவர். இவையை ஊருக்குள்ள ஒரு வாடகை வீட்டில வைச்சு, ஒரு ஆளைத் துணைக்கு விட ஏலாதோ? ஆரும் செய்து பாத்தனீங்களோ? குடுக்கிற சனத்துக்கு இதை என்னெண்டு சொல்லுறது?

குரொய்டன் பெடியன்:
அக்கா, நான் இஞ்ச இங்கிலாந்தில உங்கட ஆக்கள் மாதிரி மூண்டு பேர் இருக்கிற வீட்டில வேலை செய்யிறன். இஞ்சத்தை முறையில ஒண்டை மட்டும் எடுங்கோ. வீட்டு வாடகை ஒப்பந்தம் அவையின்ரை பேரில, துணைக்கு ஆள் அனுப்பிற நிறுவனம் வேற. எங்கட நிறுவனம் சரியில்லையெண்டா எங்களைத்தான் மாத்துவினம், அவையள் வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை.

இங்கிலாந்து நல்லதெண்டு நினைக்காதேங்கோ. பிரிஸ்டலுக்குக் கிட்ட விண்டர்போர்ன் வியூ எண்ட தனியார் ஆஸ்பத்திரியில இப்பிடியான ஆக்களை அடிச்சதை 2011இல பிபிசி ஒளிச்சுப் படமெடுத்துக் காட்டினது. 11 பேருக்குத் தண்டனை. இப்பிடி ஆஸ்பத்திரியளில தேவையில்லாமல் கிடக்கிற எல்லாரையும் 2014 ஜூனுக்குள்ள ஊருக்குள்ள குடியேத்துறமெண்டு அரசாங்கம் சொன்னது, செய்து முடிக்கேல்லை. கட்டடத்தைப் பெருப்பிச்சா பிறகு அதை நிரப்பத்தான் ஆள் தேடுவினம்.

இரவு வேலை எங்களுக்கு ரெண்டு வகை, படுத்திருக்கிற ஆள், முழிச்சிருக்கிற ஆள். வலிப்பெண்டா முழிச்சிருக்கிற ஆள்தான் வேணும்.

முறிகண்டியான்:
தங்கச்சி, படம் இல்லாமல் காசு வராது. நான் ரெண்டு சங்கத்தில பொருளாளரா இருந்தவன், சனத்தை எனக்குத் தெரியும். மண்டபத்துக்குப் பேர் பொறிச்ச கல் வைக்கலாம், சம்பளத்துக்கு என்னத்தைப் பொறிக்கிறது? அதால சாப்பாட்டை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. ரசீதில "ஒரு நாள் மதியம்" எண்டதுக்குக் கீழ "ஒரு கிழமை இரவுப் பணியாளர்" எண்டொரு வரி போடுங்கோ. தொகை அருகருகா நிண்டா, ரெண்டாவதை எடுக்கிற ஆக்களும் இருப்பினம். படத்துக்குப் பதிலா ஒரு கடிதம். அந்த நாலு பேரில ஆரும் கீறுவினமெண்டா அதையும் வைச்சு அனுப்புங்கோ.

வாடகை வீட்டுக்கு மதில் இருக்கோ? கிணத்துக்குக் கட்டு இருக்கோ? ஆனை வாற பக்கமோ? பொம்பிளையளையும் விடுறதெண்டா நான் பத்துத் தரம் யோசிப்பன்.

ஒட்டுசுட்டான் அம்மா (மகள் எழுதித் தாறா):
எனக்கு 68, மகனுக்கு 36. டவுன் சின்ட்ரோம். நான் கண்ணை மூடினா இவன் எங்கை? உங்கட மண்டபத்தில இருபதாவது கட்டிலோ? அண்டைக்கு நான் இல்லை, தெரியாத இடம், தெரியாத முகம், அவன் சாப்பிடவே மாட்டான். இப்பவே மாசத்தில ரெண்டு நாள் கொண்டந்து விட விடுவியளோ பிள்ளை? அவனுக்கும் பழகும், நானும் ஒரு நித்திரை கொள்ளுவன். நாலு பேர் வீடெண்டா ஐஞ்சாவது ஆளா எழுதி வையுங்கோ. தேத்தண்ணி நல்லாப் போடுவான். சீனியைத்தான் ஒளிக்க வேணும்.

தாதி (கிளிநொச்சி):
அம்மா, மகனுக்கு தைரொயிட் இரத்தப் பரிசோதனை வருடத்துக்கு ஒருக்கா செய்விக்கிறீங்களா? டவுன் உள்ளவர்களுக்கு அது அவசியம். இல்லத்து அக்காவுக்கு: திடீரெனக் குழப்படி கூடினால் நித்திரைக் குளிசை கேட்டு வர முதல் பல், காது, மலச்சிக்கல் பாருங்கள். சொல்லத் தெரியாத நோ தான் அநேகமாகக் குழப்படியாக வெளிவரும். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். வலிப்புக் குளிசை முடிந்துவிட்டதென்று இடையில் நிற்பாட்ட வேண்டாம். ஆளுக்கொரு கொப்பியில் குளிசை, வலிப்பு வந்த திகதி, நேரம், என்ன சாப்பிடுவார், எதற்குப் பயம் எல்லாம் எழுதி வையுங்கள். கொப்பி இல்லாமல் வார்டுக்கு வந்தால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

கச்சான்காரி:
எல்லாருக்கும் நன்றி. கணக்குப் பாத்தன். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025இல மாசம் 10,000 ரூபாவாக் கூட்டினது. நாலு பேருக்கும் கிடைச்சா 40,000. வாடகைக்கும் அரிசி சாமானுக்கும் ஒரு மாதிரி இழுக்கலாம், துணை ஆளின்ரை சம்பளத்துக்குத்தான் வெளிக்காசு. ஆனா ஒருத்தருக்குப் பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில துலைஞ்சது, அதால அடையாள அட்டையும் இல்லை. முதல்ல அந்த அலுவலா ஜி.எஸ்.சையும் (கிராம சேவையாளர்) டி.எஸ். ஒபிசில (பிரதேச செயலகம்) சமூக சேவை உத்தியோகத்தரையும் பிடிக்க வேணும். இலங்கையில மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இலயே வந்திட்டுது, ஊருக்குள்ள வாழுற உரிமை சொல்லுற ஐ.நா. சமவாயத்துக்கு 2016இல கையொப்பத்தை உறுதிப்படுத்தியுமாச்சு. ஆனா அலுவலகத்தில கேட்டா "அதுக்குப் படிவம் இல்லை" எண்டுவினம், பாப்பம்.

நாலு பேரையும் கேட்டன். கச்சான் உடைக்கிறவர் வீட்டைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தான் நினைச்ச நேரம் போகலாமோ எண்டு மட்டும் கேட்டார். ஒருத்தி வரமாட்டாவாம், இஞ்ச தன்ரை சிநேகிதி இருக்கிறாவாம். அப்ப மூண்டு பேர். ஒட்டுசுட்டான் அம்மா, மகனை வாற சனி கூட்டிக்கொண்டு வாங்கோ, நீங்களும் ஒரு இரவு நில்லுங்கோ.

முறிகண்டி அண்ணை, மதில் இருக்கு, கிணத்துக்கட்டு உடைஞ்சு கிடக்கு. அந்த ரசீது மாதிரியை எழுதி அனுப்புவியளோ? வெள்ளிக்கிழமை கூட்டம், மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்ட முதல் மேசையில வைக்க வேணும்.